டி.வி. மாட்ட ஒரு சுவர்

ஜூன் 3, செவ்வாய்

பஸ் டிப்போவில் கண்டக்டராக இருந்தவரை ட்ரிப் ஷீட் எழுதாமல் ஒருநாளும் வீடு திரும்பியதில்லை. ரிட்டையர் ஆன பிறகும் கை கேட்கவில்லை, வருஷா வருஷம் மகள் வாங்கித் தரும் டைரியில் ஏதாவது கிறுக்கிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் 'மழை இல்லை', 'சட்னியில் உப்பு இல்லை' என்ற அளவில்தான். இன்று எழுத விஷயம் இருக்கிறது. டி.வி. வந்துவிட்டது.

திருப்பூரிலிருந்து மகள் அன்புச்செல்வி அனுப்பியது. போன வாரம் போனில், "அம்மா டி.வி. கேக்குறாடி" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். இன்று கதவகலத்துக்குப் பெட்டி வந்து நிற்கிறது.

என் பெண்டாட்டி ஜெயக்கொடிக்குச் சித்திரை பிறந்த மூன்றாம் நாள் வாதம் அடித்தது. அடுப்படியில் நின்றவள் அப்படியே சரிந்தாள். வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சில் பாதி போய்விட்டது. மதுரையில் வைத்துப் பார்த்து, மே மாதம் சின்னமனூருக்கே கூட்டி வந்துவிட்டோம். உள்ரூம் கட்டிலில் படுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் காலையும் மாலையும் வந்து உடம்பு துடைத்து, சேலை மாற்றிவிட்டுப் போகிறது. கஞ்சி ஊட்டுவது என் வேலை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா, நாங்கள் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே இருங்க. அவங்க பேசுறப்ப நீங்க குறுக்க எடுத்துக் குடுக்காதீங்க. எவ்வளவு நேரமானாலும் அவங்களே முடிக்கட்டும்." நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வாக்கியத்துக்கு ஜெயக்கொடி எடுக்கிற நேரத்தில் தேனிக்கு ஒரு ட்ரிப் அடித்துவிட்டு வந்துவிடலாம். நாற்பது பேர் நிற்கிற பஸ்ஸில் சில்லறை தேடுகிறவர்களை விரட்டியே பழகியவன் நான். எனக்கு அது வரவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து எதிர்ச்சுவரைப் பார்த்து இடது கையைக் காட்டுகிறாள். "அது... அது..." என்கிறாள். டி.வி.யா என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். சரி என்று எடுத்துக்கொண்டேன். அந்தச் சுவரில் வேறு என்ன இருக்கிறது? ஒரு தேதி காலண்டர்தான் தொங்குகிறது.

ஜூன் 4, புதன்

கம்பெனி ஆள் வந்து மாட்டித் தருவானாம், ஆனால் அடுத்த வாரக் கடைசியில்தான் வருவானாம். அதுவரை தாங்காது. நானே மாட்டப் போகிறேன்.

ஜூன் 5, வியாழன்

காஜா பாய் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். டி.வி.யைச் சுவரில் பிடித்து நிறுத்த என்ன வேண்டும் என்று கேட்டதுதான் பாவம், கடையில் நின்ற எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

"என்ன சுவருண்ணே?" என்றார் பாய்.

"செங்கச் சுவரு. எங்கப்பா கட்டுன வீடு."

"சிமெண்டுக் கட்டா, சுண்ணாம்புக் கட்டா?"

"அப்ப நான் டவுசர் போட்டுத் திரிஞ்சேன் பாய். எனக்கென்ன தெரியும்?"

பைப் வாங்க வந்த ஒருவர் குறுக்கே புகுந்தார். "கட்டை அடிங்கண்ணே. சுவரக் கொத்தி, தேக்குக் கட்டைய எறக்கி, சிமெண்டு வச்சுப் பூசி, அதுல திருகுங்க. எங்க வீட்ல அப்படித்தான், அசையாது." பெயிண்ட் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர் சிரித்தார். "இப்ப யாருண்ணே கட்டை அடிக்கிறா? ஆங்கர் போல்ட்டு போட்டா யானையத் தொங்க விடலாம்." கட்டைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு பேரும் பேசி முடிப்பதற்குள் பாய் மூன்று சாமானையும் எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் வைத்துவிட்டார்.

மரக்கட்டை எனக்கே பிடிக்கவில்லை. மிச்சம் இரண்டு. ஒன்று ஆங்கர் போல்ட், முழு இரும்பு, கையில் வைத்தாலே கனக்கிறது. இன்னொன்று பிளாஸ்டிக் பிளக், பேனா மூடி மாதிரி இருக்கிறது.

"போல்ட்டு கான்கிரீட்டுக்கு நல்லாருக்கும்ணே. முறுக்க முறுக்க உள்ள விரியும். பழைய செங்கல்லு அந்த விரிச்சலத் தாங்குமான்னு தெரியல. பிளக்குல நீளமானதா எடுத்துக்கங்க, பூச்சத் தாண்டிக் கல்லுக்குள்ள போகணும். கல்லு நடுவுல ஓட்டை போடுங்க, சந்துல போட்டுறாதீங்க."

"பூசுன சுவத்துல கல்லு எது சந்து எதுன்னு எப்பிடித் தெரியும்?"

"தூளப் பாருங்க. செவப்பாக் கொட்டுனா கல்லு. வெள்ளையா மணலாக் கொட்டுனா சந்து. ஆனா நான் கேரண்டியெல்லாம் சொல்ல மாட்டேன்."

கேரண்டி சொல்லாத பிளாஸ்டிக்கில் என் மகள் அனுப்பிய டி.வி. தொங்குவதா? இரும்பு இரும்புதான். போல்ட் வாங்கிக்கொண்டேன்.

"கீழ என்ன இருக்கு? கட்டில் கிட்டில் கெடக்கா?" என்று கடைசியாகக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. ஹால்லதான் மாட்டுறேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று திரும்பி வரும் வழியில் யோசித்தேன். கட்டில் என்றால் யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்பார். அப்புறம் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்பார். ரொட்டியும் ஆப்பிளுமாகப் பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. வெளியில் இருக்கும் நேரத்திலாவது அந்தப் பேச்சு இல்லாமல் இருக்கலாம் என்றுதான்.

ஜூன் 6, வெள்ளி

டிரில்லிங் மெஷின் நாளைக்குத்தான் கிடைக்கும். ஜெயக்கொடி மத்தியானம் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். பால்காரன் மணியடித்தான், எழுந்து போய்விட்டேன்.

ஜூன் 7, சனி

இன்று நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஊரே பேசுகிறது, நான் எழுதாமல் இருந்து என்ன ஆகப்போகிறது?

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலையை ஆரம்பித்தேன். முதலில் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றினேன். ஏப்ரல் பதினாறிலேயே நின்றிருந்தது, அவள் விழுந்த நாளுக்குப் பிறகு யாரும் தாளைக் கிழிக்கவில்லை. பரணில் போட்டேன். ஜெயக்கொடி, "அது... அது..." என்றாள். "இரு இரு, இப்ப வந்துரும்" என்றேன்.

அவளுக்குத் தூசி ஆகாது, சளி பிடித்தால் வம்பு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கட்டிலை என் ஒருத்தனால் நகர்த்த முடியவில்லை. அதனால் வெளுத்த வேட்டி ஒன்றை எடுத்துத் தலையிலிருந்து கால்வரை போர்த்தி, ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க இரண்டு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகிவிட்டேன். மெல்லிய வேட்டி, மூச்சு முட்டாது. நல்ல எண்ணத்தில்தான் செய்தேன்.

ஓட்டை போட்டேன். சிவப்புத் தூள் கொட்டியது, கல்தான். போல்ட்டை உள்ளே விட்டு முறுக்கினேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முறுக்கிய முறுக்கில் சுவர் டக்கென்றது. உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சும், அதன் பின்னால் பாதிச் செங்கல்லும் பெயர்ந்து என் காலடியில் விழுந்தன. பாய் சொன்னது சரியாகப் போயிற்று. மிச்ச போல்ட்டுகளைக் கொடுத்துப் பிளாஸ்டிக் பிளக் வாங்கி வரக் கடைக்குப் போனேன். மாற்றிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அதற்குள் பஞ்சவர்ணம் வழக்கம்போலச் சேலை மாற்ற வந்திருக்கிறது. வீட்டில் ஆளில்லை. கட்டிலில் தலையோடு வெள்ளை வேட்டி போர்த்தி, பக்கவாட்டில் செருகி, ஒரு உருவம். பார்க்கிறவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? மதினி போய்விட்டது, அண்ணன் ஆட்களுக்குச் சொல்லப் போயிருக்கிறார் என்றுதான் அது நினைத்ததாம். மாரில் அடித்துக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டது. நான் தெரு முனைக்கு வரும்போதே கேட்டது.

"ஏ மதினி, என்னப் பெத்த மதினி!
ஊரெல்லாம் பேசுனவுக ஒன்னோட பேசலியே!
பக்கத்து நாக்காலி பகலெல்லாம் காயுதே!
வாயத் தொறந்து நீ சொன்னா
வாங்கிக்க ஒரு காதில்லியே!"

வாசலில் கூட்டம். யாரோ பெஞ்சு கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். யாரோ கம்பத்தில் இருக்கும் அவள் பிறந்த வீட்டுக்குப் போன் பண்ணிவிட்டார்கள். வேட்டியை விலக்கிப் பார்த்தால் ஜெயக்கொடி கண்ணை முழித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறாள். பஞ்சவர்ணம் அலறிக்கொண்டு பின்னால் விழுந்தது. அப்புறம் ஒருத்தர் சிரிக்க, எல்லாரும் சிரிக்க, வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. நானும் சிரித்தேன்.

ஜெயக்கொடி சிரிக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

நேற்றுச் சாயங்காலமே கம்பத்திலிருந்து மச்சான் செல்லப்பாண்டி வந்துவிட்டான். ஜெயக்கொடியின் தம்பி. வேன் நிறைய ஆள், அவன் கையில் ரோஜா மாலை. தகவல் தப்பு என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். வேனை விட்டு அழுதுகொண்டே இறங்கியவன், கட்டிலில் அக்கா சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பதைப் பார்த்து நின்றுவிட்டான். கையில் இருந்த மாலையை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. சாவுக்கு வாங்கிய மாலையை வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போகக் கூடாது, உயிரோடு இருக்கிறவள் வீட்டுக்குள்ளும் கொண்டுவரக் கூடாது. கடைசியில் வாய்க்காலில் விட்டுவிட்டு வந்தான்.

திரும்பி வந்து என்னைப் பின்பக்கம் கூப்பிட்டான்.

"பஞ்சவர்ணம் பாடுனத எல்லாரும் சொல்றாங்க மச்சான்."

"அது வாய்க்கு வந்ததப் பாடும்."

"வாய்க்கு வந்தது சரி. பொய்யா?"

தொட்டி ஓரத்தில் கிடந்த செம்பை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன்.

"ஒங்களால முடியல. அத நான் தப்புன்னு சொல்ல வரல. வர்ற வெள்ளிக்கெழம வேன் கொண்டாரேன். அக்காவ நான் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்ல பொம்பளைக நாலு பேரு இருக்காக, பேச்சுத் துணைக்கு ஆச்சு."

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெண்டாட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று ஒருத்தன் சொல்கிறான், எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கோபம் வரவில்லை. வேறு ஒன்று வந்தது. லாஸ்ட் ட்ரிப் முடிந்து பையை இறக்கி வைக்கும்போது தோளுக்கு வருமே, அந்த மாதிரி. அதற்கு மேல் எழுத வேண்டாம்.

ஜூன் 9, திங்கள்

காலையில் டீக்கடைக்குப் போனேன். "வாய்யா சுருளிவேலு, இன்னைக்கு யாருக்குப் போத்தப் போற?" என்றான் ஒருவன். இன்னொருவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையோடு மூடிக்கொண்டு பெஞ்சில் சாய்ந்து காட்டினான். கடையே குலுங்கியது. முப்பது வருஷம் பஸ்ஸில் நான் எத்தனை பேரைக் கேலி பண்ணியிருப்பேன்! என்னைப் பண்ணும்போதுதான் அது எப்படி இருக்கும் என்று தெரிகிறது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இனிமேல் கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போக முடியாது.

வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? டி.வி.யை மாட்டினேன். இந்தத் தடவை ஜெயக்கொடியைப் போர்த்தவில்லை, ஈரத்துண்டை மூக்குக்கு மேல் பிடித்துக்கொள்ளச் சொல்லி இடது கையில் கொடுத்தேன். உடைந்த இடத்தை விட்டுத் தள்ளி நாலு ஓட்டை. மூன்றில் சிவப்புத் தூள். நாலாவதில் வெள்ளையாக மணல் கொட்டியது, சந்து. இடம் மாற்றினால் நாலையும் மாற்ற வேண்டும். பிளக்கை விட்டுப் பார்த்தேன், உள்ளே லொடலொடவென்று சுற்றியது. விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உருவி, ஒடித்து, பிளக்கைச் சுற்றி இறுக்கி அடித்தேன். நம் வீடுகளில் சாமி படமெல்லாம் அப்படித்தான் நிற்கிறது. திருகாணி பிடித்துக்கொண்டது.

டி.வி. ஓடுகிறது. படம் தெளிவாக இருக்கிறது. சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு ஹாலில் வந்து படுத்தேன். உள்ளே யாரோ யாருடனோ பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அது நானாக இருக்க வேண்டியதில்லை. நிம்மதி.

ஜூன் 10, செவ்வாய்

டி.வி.யைப் பார்த்துக் கையைக் காட்டினாள். சேனல் மாற்றினேன். மறுபடி காட்டினாள். மறுபடி மாற்றினேன்.

ஜூன் 11, புதன்

இன்றும் அதே கை. சீரியல் வைத்தேன், பாட்டு வைத்தேன், கோயில் கும்பாபிஷேகம் வைத்தேன். எதற்கும் தலையை ஆட்டி வேண்டாம் என்கிறாள். "சா... சா..." என்று ஆரம்பித்தாள். "சாப்பாடா? இப்பத்தான குடிச்ச?" என்றேன். கையைக் கீழே போட்டுவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் அன்புச்செல்வி போன் பண்ணினாள். "அம்மா சந்தோசமா இருக்காளாப்பா?"

"டி.வி.யவேதான் பாத்துக்கிட்டு இருக்கா. கண்ண எடுக்கல."

"கேட்டாளேன்னு பாவமா இருந்துச்சுப்பா. எங்கிட்டயாச்சும் ஏதாவது கேட்டாளேன்னு." அவள் குரல் உடைந்தது. நான் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது.

ஜூன் 12, வியாழன்

காலை ஒன்பதுக்குக் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம்தான் வரும். ஃபேன் நின்றது, டி.வி. நின்றது. வீடு ஒரேயடியாக அமைதியாகிவிட்டது. டீக்கடைக்குப் போக முகமில்லை. பஞ்சவர்ணம் வந்து வேலையை முடித்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமலே போய்விட்டது. நாளைக்கு வேன் வரும். எங்கும் போக வழியில்லாமல் போய், ஜெயக்கொடிக்கு விசிறுவோம் என்று பனைவிசிறியை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அப்புறம் கையைத் தூக்கி டி.வி.யைக் காட்டினாள்.

"கரண்ட் இல்லடி."

தலையை ஆட்டினாள். வாயைத் திறந்தாள். "சா..." நின்றுவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில்தான் நான் புகுந்து சாப்பாடா, தண்ணியா, சேலை ஈரமா என்று அடுக்குவேன். இன்று அடுக்கவில்லை. பொறுமையினால் இல்லை, போய்ச் சேர வேறு இடமில்லாததால். விசிறிக்கொண்டே இருந்தேன். அவள் தொண்டைக்குள் அது ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. உதடு கோணியது, நெற்றியில் வேர்த்தது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. எழுந்து ஓடிவிடத் தோன்றியது.

"சாயுது" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். டி.வி.யின் வலது பக்கம் இறங்கியிருந்தது. கிட்டே போனால், நாலாவது ஓட்டையில் பிளக் பாதி வெளியே வந்து நிற்கிறது, ஈர்க்குச்சிகள் பிதுங்கிக்கொண்டிருக்கின்றன. நேர் கீழே அவள் கால்கள். அசைக்கவும் முடியாத, வலித்தாலும் சொல்லத் தெரியாத வலது கால். மூன்று நாளாக அவள் அதைத்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். தன் மேல் விழப் போகிறது என்று சொல்லத் தெரியாமல் பார்த்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறாள். நான் சேனல் மாற்றிக்கொண்டிருந்தேன்.

டி.வி.யை மார்போடு அணைத்துத் தூக்கிக் கழற்றி ஹாலில் கொண்டுபோய்ச் சாத்தினேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. அவள் வந்த நாளிலிருந்து காட்டியது டி.வி.யை இல்லை, டி.வி. அப்போது இந்த வீட்டிலேயே இல்லை. காலண்டரைக் காட்டியிருக்கிறாள். தான் விழுந்த தேதியிலேயே நிற்கிறதே, கிழித்துவிடு என்று. கேட்டேன். தலையை ஆட்டினாள், ஆமாம் என்று.

டி.வி. கேட்டவன் நான். எனக்குப் பதிலாக அந்த அறையில் உட்கார ஒன்று வேண்டியிருந்தது. மகளிடம் அம்மா பெயரைச் சொல்லி வாங்கினேன்.

மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன். அவள் மறுபடி பேச ஆரம்பித்தாள். முன்பெல்லாம் 'என்னங்க' என்று கூப்பிடுவாள், இப்போது சின்ன வார்த்தைதான் வருகிறது.

"அன்னைக்கு... வேட்டி..."

"ம்."

"நீ..."

விசிறினேன்.

"மறந்துட்டியா?"

கண்டக்டர் வேலையில் எந்தக் கேள்விக்கும் கையோடு ஒரு பதில் வைத்திருப்போம். இதற்கும் வந்தது. கடையில் கூட்டம், பாய்க்கு ஒத்தாசைக்கு ஆளில்லை, மாற்றித் தர நேரமாகிவிட்டது. நாக்கு நுனிவரை வந்தது.

உண்மையில் பிளக்கைப் பாய் உடனேயே மாற்றிக் கொடுத்துவிட்டார். கடையில் ஒரு புது டிரைவர் நின்றிருந்தான். போடி மெட்டு மலை ரோடு பற்றி ஏதோ கேட்டான். நான் அந்தக் காலத்தில் மெட்டில் பஸ் நின்றுபோய், பயணிகளை இறக்கித் தள்ளவிட்ட கதையைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். டீ வந்தது. இன்னொரு கதை சொன்னேன். சித்திரைக்குப் பிறகு என் பேச்சைக் கேட்டு நாலு பேர் சிரித்தது அன்றுதான். எனக்கு வீடு என்று ஒன்று இருப்பதோ, அங்கே ஒருத்தியைச் செருகி வைத்துவிட்டு வந்திருப்பதோ ஞாபகமே இல்லை. சுகமாக இருந்தது. அதுதான் உண்மை.

இன்னொன்றும் இருக்கிறது. தெரு முனையில் ஒப்பாரி கேட்டதும் அவள் செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். வேட்டிக்குள் மூச்சு முட்டி, என்னால் செத்துவிட்டாள் என்று. ஓடி வந்திருக்க வேண்டும். வாசல் வரை வந்து, கையில் பிளக் பொட்டலத்தோடு நின்றுவிட்டேன். உள்ளே போகக் கால் வரவில்லை. பஞ்சவர்ணம்தான், கடைசியாக ஒருதரம் மொகத்தப் பாத்துக்கிறேன் என்று வேட்டியை உருவியது. ஏழாம் தேதி எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். யார் விலக்கினார்கள் என்று எழுதாமல் நழுவியிருக்கிறேன். இந்த டைரியை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை. யாரை ஏமாற்றினேன்?

"ஆமா. மறந்துட்டேன்" என்றேன்.

அவள் முகம் சிவந்தது. இடது கையால் என் கையிலிருந்த விசிறியைப் பிடுங்கினாள். பிறகு, திக்காமல், திணறாமல், விழுவதற்கு முந்தின நாள் இருந்த அதே குரலில், ஒரே மூச்சில் சொன்னாள்:

"கட்டையில போறவனே!"

இத்தனை வருஷக் குடித்தனத்தில் ஒருநாளும் என்னை அவள் அப்படித் திட்டியதில்லை. சொல்லிவிட்டு அவளே திகைத்துப் போனாள், தன் வாயிலிருந்தா வந்தது என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. "இன்னொரு தடவ சொல்லு" என்றேன். சொன்னாள். இந்தத் தடவை இன்னும் பலமாக.

ஜூன் 13, வெள்ளி

செல்லப்பாண்டி சொன்னபடி காலையிலேயே வேனோடு வந்துவிட்டான். பின் சீட்டைக் கழற்றி மெத்தை விரித்திருந்தான். சுவரில் இருந்த ஓட்டைகளையும் பெயர்ந்த பள்ளத்தையும் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. பஞ்சவர்ணம் ஜெயக்கொடியின் துணிமணிகளை மடித்துக் கட்ட வந்தது.

"கெளம்பலாமா மச்சான்?" என்று என்னைக் கேட்டான்.

"எங்கிட்டக் கேக்காத. ஒங்கக்காகிட்டக் கேளு."

"அதுக்கு என்ன தெரியும்? அது எங்க பேசுது?"

"பேசும். நேரமாகும். நீ உக்காரு."

அவன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். "என்னக்கா, நம்ம வீட்டுக்கு வந்துர்றியா?" என்றான். ஜெயக்கொடி வாயைத் திறந்தாள். முதல் எழுத்திலேயே நின்றது. செல்லப்பாண்டி என்னைப் பார்த்தான். "வர்றேங்குது மச்சான்" என்றான். நான் கையைக் காட்டி அவனை நிறுத்தினேன். நேற்றுவரை நான் செய்ததைத்தான் அவன் செய்கிறான், அவனை என்ன சொல்ல முடியும்?

எனக்கும் உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. போகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்று. போன சனிக்கிழமை அதற்காக நிம்மதிப்பட்டவன்தான் நான். இன்று அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு, போகல என்று வர வேண்டுமே என்று கிடந்தேன். அவளுக்குப் பதிலாக நானே அந்த வார்த்தையைச் சொல்லிவிடலாம் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பஞ்சவர்ணம் புடவை மடிப்பதை விட்டுவிட்டு நின்றது. வேன்காரன் வெளியே ஹாரன் அடித்தான். யாரும் எழுந்து போகவில்லை.

"இப்ப... வேணாம்."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் இரக்கம் ஒன்றும் இல்லை.

"இவன... கொஞ்ச நாள்... பாத்துட்டு... சொல்றேன்."

செல்லப்பாண்டி வாயைப் பொத்திக்கொண்டான். பஞ்சவர்ணம் வாய்விட்டே சிரித்துவிட்டது. இரண்டு பேருக்கும் நடுவில் நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். காது வரை சூடேறியது. டீக்கடையில் பட்டதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இரண்டு வாரம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் செல்லப்பாண்டி காலி வேனோடு போய்விட்டான். அவன் வரும்போது அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை.

மத்தியானம் அன்புச்செல்விக்குப் போன் பண்ணி, டி.வி. கேட்டது அம்மா இல்லை, நான்தான் என்று சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "அம்மாகிட்டக் குடுங்கப்பா" என்றாள். போனை ஜெயக்கொடி காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். கை கடுத்தது. மாற்றிப் பிடித்தேன்.

இப்போது கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். என்னவென்று தெரியவில்லை. பேனாவை வைக்கிறேன்.